மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்

1

சதுரங்கப் பலகையும் நெல்மணியும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்காவது கட்டத்துக்குள் ராஜாவின் களஞ்சியம் காலி. பலகையில் விழவேண்டிய மொத்த மணிகள் 2⁶⁴ − 1. அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்திருந்தால் மொத்தம் 2⁶⁷ − 1 ஆகியிருக்கும். விரித்து எழுதினால் இப்படி:

14,75,73,95,25,89,67,64,12,927

இருபத்தோரு இலக்கம். பெரிய எண்களின் ஊரில் இது ஒன்றும் பெரிய ஆளில்லை. நம் கைபேசி ஒவ்வொரு நாளும் இதைவிடப் பல மடங்கு நீளமான எண்களை அனாயாசமாகப் பெருக்கித் தள்ளுகிறது. ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 232 வருடங்கள் இது தன்னைப் பற்றிய ஒரு பொய்யோடு புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும், இன்னும் 27 வருடங்கள் உண்மையை முழுதாகச் சொல்ல மறுத்தது. அந்த 27 வருட இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இன்றைக்கு நம் ரகசியங்களில் கணிசமான பகுதி அப்படியொரு இடைவெளிக்குள்தான் பத்திரமாக இருக்கிறது.

2

முதலில், இந்த மாதிரி எண்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

கவலைப்பட்டவர்களில் மூத்தவர் யூக்ளிட். 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரணிகள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28-ம் அப்படியே: 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28. தன் காரணிகளைக் கூட்டினால் தானே திரும்பக் கிடைக்கும் இப்படியான எண்களுக்குச் செவ்விய எண்கள் என்று பெயர். இவற்றைச் செய்ய ஒரு சமையல் குறிப்பை யூக்ளிட் எழுதி வைத்தார். 2-ஐ அடுக்கிக்கொண்டே போ, ஒன்றைக் கழி. வருவது பகா எண்ணாக இருந்தால், அதை முந்தைய அடுக்கால் பெருக்கு. செவ்விய எண் தயார். 2² − 1 என்பது 3, பகா எண். 2-ஆல் பெருக்கினால் 6. 2³ − 1 என்பது 7. 4-ஆல் பெருக்கினால் 28.

ஆக, கேள்வி இப்படிச் சுருங்கியது: 2-இன் எந்தெந்த அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும்? அடுக்கே பகு எண்ணாக இருந்தால் வராது என்று சுலபமாகக் காட்டிவிடலாம். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலோ, வரலாம், வராமலும் போகலாம். 2, 3, 5, 7 வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வருகிறது. 11-இல் காலை வாருகிறது: 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. எண்களில் ஒழுங்கைக் கண்டதும் நம்பிவிடக்கூடாது என்பதற்கு இந்த 2047 ஒரு நல்ல பாடம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் மரின் மெர்சென் என்று ஒரு துறவி இருந்தார். டெகார்ட், ஃபெர்மா, பாஸ்கல் என அந்தக் காலத்துப் பெரிய தலைகள் எல்லோருடனும் அவருக்குக் கடிதத் தொடர்பு. ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்கு எழுதி, அவர் பதிலை மூன்றாமவருக்கு அனுப்பி, சண்டை மூட்டி, சமாதானம் செய்து… ஆராய்ச்சி இதழ்கள் இல்லாத காலத்தில் அறிவியலின் வாட்ஸப் குழுவுக்கு அட்மின் அவர்தான். 1644-இல் வெளியான தன் நூலில் மெர்சென் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரைக்குமான அடுக்குகளில் பகா எண் தருபவை இவை மட்டுமே: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257.

67 அங்கேதான் ஏறியது.

எப்படிக் கண்டுபிடித்தார்? சொல்லவில்லை. பதினைந்து இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று சோதித்துப் பார்க்கக் காலமெல்லாம் போதாது என்ற பொருளில் அவரே எழுதியும் இருக்கிறார். 2²⁵⁷ − 1 என்பது 78 இலக்க எண். அன்றைக்கு எவராலும் அதை நெருங்கியிருக்க முடியாது. ஆனாலும் பட்டியல் நின்றது. சரி என்று நிரூபிக்க ஆளில்லை, தப்பு என்று காட்டவும் ஆளில்லை. சோதிக்க முடியாத கூற்றுக்கு நல்ல ஆயுசு.

ஆய்லர் 1772-இல் 31-ஐச் சோதித்து முடித்தார். 2³¹ − 1 = 2,14,74,83,647. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். 32 பிட்டில் எழுதப்படும் முழு எண்ணின் உச்சவரம்பு இதுதான். 2038 ஜனவரி 19 அன்று பழைய கணினிகளின் கடிகாரங்கள் தடுமாறப்போவதும் இந்த எண்ணில் முட்டிக்கொண்டுதான். ஆய்லருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் இருக்கமுடியும் என்று காட்டி, எண்பத்துச் சொச்சம் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்து, எதுவும் வகுக்கவில்லை என்று முடித்தார்.

இதே வழி 67-க்கு ஏன் போதவில்லை என்பதை அப்புறம் பார்ப்போம். இப்போதைக்கு, பட்டியல் வெளிவந்து 128 வருடங்களில் 31 வரைதான் வரமுடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

எதுவார் லூகாஸ் வேறு மாதிரி யோசித்தார். ‘ஹனோய் கோபுரம்’ விளையாடியிருப்பீர்கள்: மூன்று கம்பிகள், அளவு வாரியாக அடுக்கிய வட்டுகள், பெரியதைச் சின்னதன் மேல் வைக்காமல் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 64 வட்டுகளை மாற்ற 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் வேண்டும். 67 வட்டுகள் என்றால் எத்தனை என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மனிதருக்கு இந்த எண்களோடு வேலையிலும் விளையாட்டிலும் ஒரே சகவாசம்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதை வகுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டுமா? வேண்டாம் என்றார் லூகாஸ். அவர் போட்ட பாதையை 1930-இல் டெரிக் லெமர் செப்பனிட்டார். அந்த வடிவம் ரொம்ப எளிது, பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2-ஐக் கழித்தல், மறுபடி மீதி. அடுக்கைவிட ஒன்று குறைவான இடத்தில் சரியாகப் பூஜ்ஜியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண்.

31-ஐப் பார்ப்போம். அது 2⁵ − 1, ஆகவே நான்காவது இடம் பூஜ்ஜியமாக வேண்டும். 4. அடுத்து 14. அடுத்து 194, அதாவது 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 62, மீதி 0. பகா எண்.

2047-க்குப் பத்தாவது இடம்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்ஜியம் இல்லை. பகு எண்.

கவனியுங்கள், 2047 உடைகிறது என்பதைக் காட்டிவிட்டோம். ஆனால் 23 எங்கே? 89 எங்கே? இந்த வரிசையில் அவை எங்கேயும் இல்லை. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரியும், ஆனால் யார் என்று தெரியாது, எட்டிப் பார்க்க ஜன்னலும் கிடையாது.

1876-இல் லூகாஸ் தன் முறையால் இரண்டு முடிவுகளை எட்டினார். ஒன்று, 2¹²⁷ − 1 பகா எண். 39 இலக்கம். கையால் கணக்குப் போட்டு நிரூபிக்கப்பட்ட பகா எண்களில் இன்றுவரை மிகப் பெரியது அதுதான். இரண்டாவது, 2⁶⁷ − 1 பகு எண். மெர்சென் சொன்னது தப்பு.

பிறகு ஒவ்வொன்றாகப் பட்டியலின் ஓட்டைகள் வெளிவந்தன. 61 இருந்திருக்க வேண்டும், விட்டுப்போயிருக்கிறது என்று 1883-இல் ருஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் காட்டினார். (அச்சுக்கோத்தவர்தான் 61-ஐ 67 ஆக்கிவிட்டார் என்று மெர்சென்னுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு.) 89, 107 இரண்டும்கூட விடுபட்டவை. 257 தப்பாக நுழைந்தது. பட்டியல் முழுதும் சரிபார்க்கப்பட்டு முடிந்தபோது 1947 ஆகிவிட்டது. மொத்தம் ஐந்து பிழைகள், 303 வருடங்கள். இன்றும் இந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றுதான் பெயர். சரியாகச் சொன்னதற்காக இல்லாமல், மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒரு பட்டியல் கொடுத்ததற்காகப் பெயர் நிலைத்துவிட்ட மனிதர்.

4

67 உடைகிறது என்று தெரியும். எப்படி உடைகிறது? 27 வருடங்கள் ஒருவராலும் சொல்லமுடியவில்லை.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். சங்கத்தின் செயலாளரும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஃபிராங்க் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி ஓர் ஆய்வுரை தர எழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது கணித உலகின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்று. கோல் ஒரு வார்த்தை பேசவில்லை. கரும்பலகைக்குப் போனார். 2-ஐ 67 அடுக்குக்குப் பெருக்கினார், ஒன்றைக் கழித்தார். பலகையின் இன்னொரு பக்கம் போனார். 19,37,07,721 என்று எழுதினார், அதன் கீழே 7,61,83,82,57,287 என்று எழுதினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண். சாக்குக்கட்டியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கதையைச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். பின்னாளில் கோலிடமே கேட்டதாகவும், இதற்கு எவ்வளவு நாளாயிற்று என்ற கேள்விக்கு “மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்” என்று அவர் பதில் சொன்னதாகவும் பெல் எழுதியிருக்கிறார். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1903-இல் பெல் அமெரிக்காவின் மறுகோடியில், கலிபோர்னியாவில், படித்துக்கொண்டிருந்த மாணவர். சம்பவத்தை அச்சில் எழுதியதோ பல பத்தாண்டுகள் கழித்து. நல்ல கதைக்காக உண்மையைக் கொஞ்சம் இழுத்துவிடுவார் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆக, அந்த மௌனம் எவ்வளவு மௌனம், அந்தக் கைதட்டல் எவ்வளவு பலம் என்பதையெல்லாம் பெல்லின் கணக்கில் வைத்துவிடலாம். ஆனால் கோலின் கட்டுரை சங்கத்தின் இதழில் அச்சில் இருக்கிறது. இரண்டு காரணிகளும் இருக்கின்றன. பெருக்கினால் சரியாக வருகிறது.

“மூன்று வருடத்து ஞாயிறுகள்” நம்பக்கூடிய அளவுதானா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2⁶⁷ − 1-க்குக் காரணி இருந்தால், அது 134-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்கவேண்டும். கூடவே, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். ஆய்லர் பயன்படுத்திய அதே வகை வடிகட்டி. அப்படியும், சிறிய காரணியை எட்டும்வரை ஏழு லட்சத்துக்கு மேல் எண்கள் வரிசையில் நிற்கின்றன. 3, 5, 7-ஆல் வகுபடுபவற்றைத் தள்ளினாலும் மூன்று லட்சத்துக்குக் குறையாது. இருபத்தோரு இலக்க எண்ணை ஒன்பது இலக்க எண்ணால் கையால் வகுக்க ஐந்து நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பதினைந்து லட்சம் நிமிடம், அதாவது 25,000 மணி நேரம். ஞாயிறுதோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அறுபது வருடம்.

கோல் அறுபது வருடம் உட்காரவில்லை. கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்கவும் இல்லை. வர்க்க எண்கள் விட்டுச்செல்லும் மீதிகளைக் கொண்டு, காரணி எந்தெந்த வடிவங்களில் இருக்கவே முடியாது என்று சல்லடை மேல் சல்லடையாகக் கட்டிச் சலித்தார். அந்த நான்கு பக்கக் கட்டுரை பெரும்பாலும் அந்தச் சல்லடைகளைப் பற்றித்தான். கதையில் உழைப்புதான் ஹீரோ. கட்டுரையில், உழைப்பை எங்கே செலவழிக்க வேண்டாம் என்று கண்டுபிடித்த மூளை தெரிகிறது. எனக்கு இந்த இரண்டாவது கோலைத்தான் அதிகம் பிடிக்கிறது.

இன்றைக்கு இதே வேலையைப் பைத்தானில் நாலு வரியில் எழுதிவிடலாம். 134-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக் கூட்டி வகுத்துப் பார், மீதி பூஜ்ஜியம் வந்தால் நில். சல்லடையெல்லாம் தேவையில்லை. ஒரு சாதாரண மடிக்கணினி காரணியோடு திரும்பிவரும்போது, நாம் இன்னும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்திருக்க மாட்டோம்.

5

அப்படியானால் இடைவெளி மூடிவிட்டதா? இல்லை. இடம் மாறியிருக்கிறது.

லூகாஸின் கேள்வி: இந்த எண் உடையுமா? கோலின் கேள்வி: எப்படி உடையும்? ஒன்று எளிதாகவும் மற்றது கடினமாகவும் இருப்பதை 1977-இல் மூன்று பேர் பூட்டாக மாற்றினார்கள். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடு. பெருக்கு. பெருக்கல்பலனை ஊருக்கே அறிவித்துவிடு, அதுதான் பூட்டு. காரணிகளை உன்னிடம் வைத்துக்கொள், அதுதான் சாவி. பூட்ட யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்க, காரணி தெரியவேண்டும்.

இதற்கு இரண்டு கேள்விகளும் வேண்டும் என்பதுதான் அழகு. லூகாஸின் கேள்வி எளிதாக இல்லாவிட்டால் நமக்குப் பெரிய பகா எண்களே கிடைக்காது, பூட்டு செய்யமுடியாது. கோலின் கேள்வி கடினமாக இல்லாவிட்டால் பூட்டியும் பிரயோஜனமில்லை. நீங்கள் இணையத்தில் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அது உண்மையான தளம்தான் என்பதற்குச் சாட்சி சொல்லும் சான்றிதழ்களில் பல, இன்றும் இந்த இடைவெளியை நம்பித்தான் நிற்கின்றன.

முதல் பாதியில் சந்தேகமே இல்லை. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், பி.டெக் முடித்த கையோடு இருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரண்டு இளைஞர்களும், எந்த எண்ணாக இருந்தாலும் அது பகா எண்ணா என்பதைக் கணினியால் நியாயமான நேரத்துக்குள் நிச்சயமாகச் சொல்லிவிட முடியும் என்று நிரூபித்தார்கள். மெர்சென் எண்களுக்கு மட்டும் லூகாஸ் காட்டியது, எல்லா எண்களுக்கும் உறுதியானது.

பிரச்சினை இரண்டாம் பாதியில். காரணி கண்டுபிடிப்பது கடினம் என்று யார் நிரூபித்தார்கள்? ஒருவரும் இல்லை. பல தலைமுறை கெட்டிக்காரர்கள் முயன்றிருக்கிறார்கள், வேகமான வழி கிடைக்கவில்லை, ஆகவே இல்லைபோலும் என்று நம்புகிறோம். அவ்வளவுதான் ஆதாரம்.

இந்த நம்பிக்கை ஒருமுறை அடிவாங்கியும் இருக்கிறது. 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் புதிய பூட்டை அறிமுகப்படுத்தியபோது, 129 இலக்க எண் ஒன்றையும் அதைக்கொண்டு பூட்டிய ஒரு செய்தியையும் அச்சிட்டார். உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு. உடைக்க ஆகும் காலம் என்று கட்டுரையில் வந்த மதிப்பீடு 40,00,00,00,00,00,00,000 ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். 1994 ஏப்ரலில் அந்த எண் உடைந்தது. 17 வருடம். இணையத்தில் சேர்ந்த சுமார் அறுநூறு தன்னார்வலர்கள், தங்கள் கணினிகளை எட்டு மாதம் கூட்டாக ஓட்டினார்கள். உள்ளே இருந்த செய்தி, கூச்சப்படும் எலும்புதின்னிக் கழுகைப் பற்றிய அர்த்தமில்லாத ஒரு சொற்றொடர். இயந்திரங்கள் வேகமானது ஒரு காரணம். இன்னொரு காரணம் கோலுக்குப் பழக்கமானது: யாரோ நல்ல சல்லடை கட்டியிருந்தார்கள்.

அதே 1994-இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி என்று ஒன்று பெரிய அளவில் சாத்தியமானால் கோலின் கேள்வியும் எளிதாகிவிடும் என்று காட்டினார். அப்படிப்பட்ட இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் வரலாம் என்பதாலேயே, காரணிப்படுத்தலை நம்பாத புதிய பூட்டுகளுக்கு 2024-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் முத்திரை குத்தியிருக்கிறது. அவையும் வேறு சில கணக்குகள் கடினம் என்ற நம்பிக்கைமேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

மெர்சென் பட்டியலில் 67 இருந்ததை உலகம் 232 வருடம் பொறுத்துக்கொண்டது, யாராலும் மறுக்கமுடியவில்லை என்பதால். காரணிப்படுத்தல் கடினம் என்பதை வைத்து நாம் பூட்டு செய்ய ஆரம்பித்து இன்னும் ஐம்பது வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மறுக்கப்படாததும் நிரூபிக்கப்பட்டதும் ஒன்றல்ல என்று சொல்ல இந்த எண்ணைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதற்காகக் கைபேசியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. சாவி நம்மிடம்தான் இருக்கிறது என்ற நிம்மதிக்குள், இதுவரைக்கும் என்ற ஒரு சொல் மறைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

6

67-இன் கதை முடிந்துவிட்டது. அந்த நாற்காலி காலியாக இல்லை.

2¹²⁷⁷ − 1 என்று ஓர் எண் இருக்கிறது. 385 இலக்கம். பகு எண் என்று பல காலமாகத் தெரியும், லூகாஸ் வழிச் சோதனையில் பூஜ்ஜியம் வரவில்லை. ஆனால் அதன் ஒரு காரணிகூட இதை எழுதும் நாள்வரை யாருக்கும் தெரியாது. உடைகிறது என்று தெரிந்தும் ஒரு துண்டுகூடக் கைக்குச் சிக்காத மெர்சென் எண்களில் இதுதான் மிகச் சிறியது. 1876-க்கும் 1903-க்கும் நடுவில் 67 எங்கே நின்றதோ, அங்கே இப்போது 1277 நிற்கிறது.

இன்னொரு பக்கம், 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று கண்டறிந்தார். நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கத்துக்கு மேல். நான்கு கோடி இலக்க எண்ணைப் பற்றி, அது உடையாது என்று அடித்துச் சொல்லமுடிகிறது. 385 இலக்க எண்ணைப் பார்த்து, எங்கே உடைகிறாய் என்று கேட்டால் பதில் வரவில்லை. லூகாஸுக்கும் கோலுக்கும் நடுவிலிருந்த தூரம் இன்றைக்கு இவ்வளவு அகலம்.

1277-இன் காரணியைத் தேடி இந்த நிமிடமும் எங்கோ சில கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும். கிடைத்தால் எந்தப் பூட்டும் திறக்காது, யாருக்கும் காசு வராது. ஒரு எண்ணுக்குக் கீழே இன்னொரு எண்ணை எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெருக்கிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று எவர் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். கோலின் வேலையிலும் அதுதான் எனக்குப் பிடித்தது. மெர்சென்னை நம்பவேண்டியிருந்தது. பெல்லையும் நம்பவேண்டியிருக்கிறது. கோலை நம்பவே வேண்டாம். காகிதமும் கால் மணி நேரமும் இருந்தால் போதும்.